பில்பாவ் வழியா, எஸ்ஸன் வழியா?

தொழில் படுத்துப்போன நகரத்தை வடிவமைப்பால் கலை நகரமாக்குவது பற்றிப் பேசினால் இரண்டு ஊர்கள் வந்துவிடும். ஸ்பெயினின் பில்பாவ் புதிதாகக் கட்டியது. ஜெர்மனியின் எஸ்ஸன் பழைய சுரங்கத்தையே வைத்துக்கொண்டது. இரண்டில் ஓர் ஊரைப் பார்க்கத்தான் எனக்கு நேரம் இருந்தது, எஸ்ஸனைத் தேர்ந்தேன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பில்பாவ் கதை தெரிந்ததுதான். 1997-இல் ஆற்றங்கரையில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த கூகன்ஹைம் கலை அருங்காட்சியகம் திறந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ ஓடத் தொடங்கியதையும், ஆற்றைச் சுத்தம் செய்ததையும் பலர் சொல்வதில்லை.

எஸ்ஸனின் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடியது. 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே என்னைக் கட்டிப்போட்டது நிலக்கரி கழுவும் ஆலை. கரி மேலே ஏறி, தளம் தளமாகக் கீழே இறங்கிய கட்டடம். இப்போது அதே வழியில் நாம் போகிறோம்: நகரும் படிக்கட்டில் 24 மீட்டர் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து ரூர் அருங்காட்சியகம் வழியாக இறங்குகிறோம். உள்படிக்கட்டின் ஓரமெல்லாம் உருகிய இரும்பின் நிறத்தில் ஆரஞ்சு வெளிச்சம். பக்கத்துக் கொதிகலன் கூடம் இப்போது வடிவமைப்பு அருங்காட்சியகம்; அங்கே துருவேறிய இரும்புக்கு நடுவே நாற்காலிகளும் விளக்குகளும் காட்சிக்கு இருக்கின்றன. தொழிலாளர்கள் குளித்த கூடம் நடன அரங்காகிவிட்டது.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது பராமரிப்பு. பழைய கட்டடம் மலிவு என்று நினைக்க வேண்டாம். இந்த ஆலைகளின் மெல்லிய செங்கல் சுவர் இயந்திரங்களுக்காக எழுப்பியது, குளிர் தாங்காது. அருங்காட்சியகத்துக்காகக் கழுவும் ஆலையின் வெளிச்சுவரையே மாற்ற வேண்டியிருந்தது. இரும்புக்குத் துரு ஓயாத பிரச்சினை. ஆனாலும் வேலையைத் தவணையில் செய்யலாம். கொதிகலன் கூடம் 1997-இல் தயாரானது, ரூர் அருங்காட்சியகம் 2010-இல்தான் வந்தது. பணம் வரும்வரை ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்தாலும் மற்றவை இயங்கும். ஒரே பெரிய புதுக் கட்டடத்தைப் பாதி மட்டும் பராமரிக்க முடியுமா? அதன் செலவு திறந்த நாளிலிருந்தே முழுசாக வந்து நிற்கும். பில்பாவை நேரில் பார்க்காதவன் சொல்வது என்பதால் இதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலைகளை இடித்துத் தள்ளிவிட்ட நகரத்துக்கு எஸ்ஸன் வழி கிடையாது. சரி, அங்கே பில்பாவ் வழியே போகட்டும். ஆனால் ஆற்றிலும் மெட்ரோவிலும் தொடங்கட்டும்.