அமெரிக்க சம்பந்தி வீட்டு வம்சாவளி தேட ஃபேமிலிசர்ச் எப்படி? கும்பகோணத்துலேருந்து ஒரு ரிவ்யூ

முன்னோர்களைத் தேடற ஃபேமிலிசர்ச் வெப்சைட்டை யூஸ் பண்ணலாமான்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன், தாராளமா பண்ணுங்க, காசே வாங்காம இவ்வளவு பழைய ஆவணத்தைக் கண்ணுல காட்டறது பெரிய விஷயம். ஆனா அதுல ரெடியா போட்டு வச்சிருக்கற குடும்ப மரத்தைப் பார்த்து அப்படியே எழுதி எடுத்துக்காதீங்க, மரத்துக்கு அடியில கெடக்கற பத்திரம், உயில், வரி லிஸ்ட் இதுங்கதான் சரக்கு. அதுலயும் பாட்டி, பாட்டிக்கு அம்மா, அவங்களுக்கு அம்மான்னு பொம்பளைங்க வழியா மேல ஏறிப் போகப் போறீங்கன்னா இதை முழுசா படிங்க, கஷ்டமே அங்கதான்.

நான் பத்திரம் எழுதறவன். மூலப்பத்திரம் தேடறது, வில்லங்கம் போட்டுப் பார்க்கறது, செத்துப்போனவருக்கு வாரிசு யார் யாருன்னு விசாரிக்கறதுன்னு பொழப்பே இதுதான். என் தங்கச்சி பையன் மிசௌரில வேலை பார்க்கறான், அங்கயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான், தங்கமான பொண்ணு. குலதெய்வம் கோயில்ல புள்ளைக்கு மொட்டை போட்டு காது குத்த வந்தப்ப, "அண்ணே, ரெண்டு பக்க வம்சாவளியும் எழுதி புள்ளைக்கு ஒரு நோட்டு போட்டுக் குடுத்துடுண்ணே"ன்னு தங்கச்சி கேட்டுச்சு. நம்ம பக்கம் பிரச்சனை இல்ல, பாபநாசம் பக்கத்து நெலம் கை மாறின பத்திரத்துலயே பாதி இருக்கு. அந்தப் பக்கம்தான், "மாமா, எங்க அம்மாவோட பாட்டி வழியில நாங்க ரெபேக்கா பூன் வம்சம்னு வீட்ல சொல்லுவாங்க, ஆனா யாரும் எழுதி வைக்கல"ன்னு மருமக சொல்லுச்சு.

ரெபேக்கா பூன் யாருன்னு இங்க பல பேருக்குத் தெரிஞ்சிருக்காது. டேனியல் பூன்னு ஒருத்தர், கென்டக்கி பக்கம் வழி போட்டு ஆளுங்களைக் குடியேத்தினவர், அமெரிக்காவுல சின்னப் புள்ளைங்களுக்கு கூடத் தெரிஞ்ச பேரு. அவரோட சம்சாரம்தான் இவங்க, பொறந்த வீடு பிரையன் குடும்பம். 1739 ஜனவரியில வர்ஜீனியாவுல வின்செஸ்டர் பக்கம் பொறந்து, சின்ன வயசுலயே வட கரோலினா யாட்கின் ஆத்தங்கரைக்கு குடும்பத்தோட வந்தவங்க. 1756 ஆகஸ்ட் 14 கல்யாணம், அப்ப வயசு 17, மாப்பிள்ளையோட அப்பா ஸ்கொயர் பூனே அந்த ஊரு நீதிபதியா இருந்ததால அவரே நடத்தி வச்சாரு. பத்து புள்ளைங்க.

இதுல என்னை அப்படியே உக்கார வச்சது எதுன்னா, பூன் குடும்பமும் பிரையன் குடும்பமும் நம்ம ஊரு மாதிரியே பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்திருக்காங்க. டேனியலோட தங்கச்சி மேரி கட்டிக்கிட்டது ரெபேக்காவோட சித்தப்பா வில்லியம் பிரையனை. டேனியலோட தம்பி எட்வர்ட் கட்டிக்கிட்டது ரெபேக்காவோட கூடப்பொறந்த மார்த்தாவை. இதை தங்கச்சிகிட்ட சொன்னப்ப அதுக்கு அவ்வளவு சந்தோஷம், வீடியோ கால்ல சம்பந்தி அம்மாகிட்ட மருமக மூலமா அரை மணி நேரம் இதையே பேசிக்கிட்டு இருந்துச்சு.

அந்தம்மா பட்ட பாட்டை சும்மா தாண்டிப் போக முடியல. 1769ல புருஷன் வேட்டைக்குன்னு கென்டக்கி காட்டுக்குப் போனவரு திரும்ப ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் நெலம், மாடு, புள்ளைங்க எல்லாம் இவங்க ஒத்த ஆளு. 1773 அக்டோபர்ல குடும்பத்தோட கென்டக்கிக்கு கெளம்பினப்ப மூத்த பையன் ஜேம்ஸ், 16 வயசு, வழியிலயே கொல்லப்பட்டான். 1775ல ஒரு கைக்குழந்தை போச்சு. 1776 ஜூலை 14ஆம் தேதி 13 வயசு ஜெமைமாவை ஆத்துல படகுல இருக்கறப்பவே ஷானி, செரோக்கிங்கற அந்த மண்ணோட பழங்குடி ஆளுங்க புடிச்சிட்டுப் போய், ரெண்டு நாள் கழிச்சு மீட்டாங்க. 1778 பிப்ரவரியில உப்பு காய்ச்சப் போன எடத்துல புருஷனே சிறைபட்டாரு, செத்துட்டாருன்னே நெனைச்சு புள்ளைங்களை அழைச்சிக்கிட்டு கரோலினாவுக்கு பொறந்த வீட்டு ஜனங்ககிட்டயே திரும்பிப் போனாங்க. அவரு ஜூன்ல தப்பிச்சு வந்து பார்த்தா அவங்க குடியிருந்த கோட்டையில கட்டிக்குடுத்த ஜெமைமா மட்டும்தான் இருக்கு. 1782 ஆகஸ்ட்ல ப்ளூ லிக்ஸ் சண்டையில இன்னொரு பையன் இஸ்ரேலும் போயிட்டான். இவ்வளவுக்கும் நடுவுல தாயில்லாத சொந்தக்காரப் புள்ளைங்களையும் சேர்த்து வளர்த்திருக்காங்க. இன்னொண்ணும் சொல்லணும், அந்தக் கென்டக்கி காடு ஆளில்லாத எடம் கெடையாது, ஷானி, செரோக்கி ஜனங்க தலைமுறை தலைமுறையா வேட்டையாடின பூமி, அதுல போய் இவங்க வேலி போட்டதுதான் அவ்வளவு சாவுக்கும் காரணம். புள்ளைக்கு எழுதற நோட்டுல அதையும் எழுதியிருக்கேன்.

1799ல மிசௌரிக்கு போனாங்க, அப்ப அது ஸ்பெயின்காரன் கையில இருந்த எடம். 1813 மார்ச் 18 அங்கயே காலமானாங்க. 1845ல கென்டக்கிக்காரங்க வந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் எலும்பையும் தோண்டி எடுத்து கென்டக்கி தலைநகரம் ஃபிராங்க்ஃபர்ட்ல கொண்டு போய் அடக்கம் பண்ணாங்க, சரியான எலும்பைத்தான் எடுத்தாங்களான்னு ரெண்டு ஊருக்கும் இன்னிக்கு வரைக்கும் தகராறு.

சரி, சைட்டுக்கு வரேன். ஃபேமிலிசர்ச்சை நடத்தறது மார்மன் சர்ச், 1894ல யூட்டாவுல ஆரம்பிச்ச சங்கம் அதோட வேரு, முன்னோர் பேரைத் தேடி எடுக்கறது அவங்களுக்கு மதக் கடமை, செத்துப்போனவங்களுக்காக சடங்கு செய்யவும் அந்தப் பேருங்களை யூஸ் பண்ணுவாங்க. அது தெரிஞ்சு உள்ள போங்க, புடிக்காதவங்க போட வேணாம். 1938லேருந்து ஊரு ஊரா கோர்ட்டு, சர்ச்சு, ரெக்கார்டு ரூம்னு போய் மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க, 24 லட்சம் ரோல் சேர்ந்துச்சு, அதை எல்லாம் ஸ்கேன் பண்ணி முடிச்சது 2021ல. நான் ரெக்கார்டு ரூம்ல கரையான் அரிச்ச வால்யூமைப் புரட்டிப் பார்த்தவன், அந்த வேலையோட அருமை எனக்குத் தெரியும்.

அக்கவுண்ட் ஃப்ரீ, மொபைல் ஆப்பும் இருக்கு, ஆனா பத்திரம் படிக்கணும்னா லேப்டாப்தான் சரி. உயிரோட இருக்கறவங்களை நீங்க ஏத்தினா உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அது நல்ல ஏற்பாடு.

மரம்னு நான் சொன்னது உலகத்துக்கே ஒரே மரம், யாரு வேணா உள்ள வந்து செத்துப்போனவங்கள்ல கிட்டத்தட்ட யாரு பேரை வேணா மாத்தலாம். அதனால ரெபேக்கா மாதிரி பேர் பெத்தவங்க பக்கத்துல ஏகப்பட்ட பேரு கை வைப்பாங்க. ரெபேக்காவோட அம்மா யாருங்கறதுலயே சண்டை, ஹெஸ்டர் ஹாம்ப்டன்னு ஒரு கட்சி, ஆலிஸ் லின்வில்னு ஒரு கட்சி. அப்பா ஜோசப் பிரையன், தாத்தா மார்கன் பிரையன், இதுல பெருசா தகராறு இல்ல, அம்மாதான் தகராறு. அமெரிக்காவுல இவ்வளவு பேசப்பட்ட ஒரு குடும்பத்துலயே பெத்தவ பேரு நிக்கலன்னா மத்த குடும்பத்தை நெனைச்சுப் பாருங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல சோர்ஸ்னு ஒரு எடம் இருக்கு, அதை அழுத்தி கீழ என்ன ஆவணம் ஒட்டியிருக்குன்னு பாருங்க. எவனோ போட்ட இன்னொரு மரத்தையே சோர்ஸா வச்சிருந்தா அதை நான் கணக்குலயே எடுத்துக்கறதில்ல, மூலப்பத்திரம் இல்லாத கிரயம் மாதிரிதான் அது.

பொம்பளைங்க ஏன் காணாம போறாங்கன்னா, அவங்க ஊரு சென்சஸ்ல 1790லேருந்து 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேரு மட்டும்தான், மத்தவங்க எல்லாம் இந்த வயசுல இத்தனை ஆம்பளை இத்தனை பொம்பளைன்னு வெறும் எண்ணிக்கை. அடிமையில்லாத ஒவ்வொருத்தர் பேரையும் எழுத ஆரம்பிச்சது 1850ல. அதுலயும் யாருக்கு யாரு என்ன உறவுன்னு எழுதினது 1880ல இருந்துதான். கென்டக்கியோட 1790, 1800 சென்சஸ் போயே போச்சு, வரி லிஸ்டை வச்சுதான் ஒப்பேத்தணும். மிசௌரிக்கு 1830க்கு முன்னாடி கைக்கு எதுவும் நிக்கல. ஆக பத்து புள்ளை பெத்து நாலு ராஜ்யம் நடந்த ரெபேக்கா பேரு ஒரு சென்சஸ்லயும் வரலை. அந்தம்மா பத்தி இன்னிக்கு தெரியறதுல நெறைய விஷயம் கடைசிப் பையன் நேதன் 1851ல லைமன் டிரேப்பர்னு ஒருத்தருகிட்ட உக்காந்து சொன்னது, டிரேப்பர் அப்படி சேர்த்த காகிதம் எல்லாம் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்துல இருக்கு.

இங்கதான் ஃபுல் டெக்ஸ்ட் சர்ச் வந்து நிக்குது, 2024ல கொண்டு வந்தாங்க, இந்த சைட்லயே எனக்கு ரொம்பப் புடிச்சது. கையால எழுதின பழைய பத்திரத்தையும் உயிலையும் கம்ப்யூட்டரே படிச்சு வச்சிருக்கு, பேரை அடிச்சா அந்தப் பேரு வர்ற வரியையே மஞ்சள்ல காட்டும். முன்ன எல்லாம் இண்டெக்ஸ்ல வித்தவன் வாங்கினவன் பேரு மட்டும்தான் கெடைக்கும், இப்ப நடுப் பக்கத்துல சாட்சி, எல்லைக்காரன், பொண்டாட்டின்னு வர்ற எல்லா பேரும் கெடைக்குது.

பொண்டாட்டி பேரு எங்க வரும்னா, அந்தக் காலத்துல அங்க புருஷன் நெலத்தை வித்தாலும் அதுல பொண்டாட்டிக்கு டவர்னு ஒரு உரிமை உண்டு, அவ விட்டுக்குடுத்தாதான் வாங்கினவனுக்கு வில்லங்கம் இல்லாம நெலம் சேரும். அதனால அவளைப் புருஷன் இல்லாம தனியா கூப்பிட்டு, நீ உன் இஷ்டப்படிதான் விட்டுக்குடுக்கறியான்னு கேட்டு அதையும் பத்திரத்தோட கீழயே எழுதுவாங்க. நம்ம ஆபீஸ்ல கூடப்பொறந்தவளுங்க எழுதிக் குடுக்கற விடுதலைப் பத்திரம் அச்சா இதேதான். 1989ல தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்த பெறகு, பத்திரத்துல பொம்பளைங்க பேரு எவ்வளவு வர ஆரம்பிச்சுதுன்னு நான் கண்ணால பார்த்தவன். சொத்துல உரிமை இருந்தாதான் காகிதத்துல பேரு வருது, கும்பகோணமா இருந்தாலும் கென்டக்கியா இருந்தாலும் அதான் நெலமை.

எழுதத் தெரியாத பொம்பளைங்க கையெழுத்து எப்படி இருக்கும்னா, குமாஸ்தா பேரை எழுதுவாரு, முதல் பேருக்கும் குடும்பப் பேருக்கும் நடுவுல ஒரு பெருக்கல் குறி, அதுக்கு மேலயும் கீழயும் இது இவளோட குறின்னு பொடி எழுத்துல இருக்கும். நம்ம கைநாட்டு மாதிரி. அந்தக் குறி சில பக்கத்துல கோணலா, மை திட்டா நிக்கும், அதைப் பார்க்கறப்ப நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுது.

தேடறப்ப ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, அந்தக் காலத்து இங்கிலீஷ்ல ரெண்டு எஸ் சேர்ந்து வந்தா முதல் எஸ்ஸை எஃப் மாதிரி நீட்டி எழுதுவாங்க, கம்ப்யூட்டரு அதை எஃப்னே படிச்சிடும், ஜெஸ்ஸின்னு தேடினா கெடைக்காதது அதனாலதான். பிரையன் சில எடத்துல பிரையன்ட்டா இருக்கும், பூன்ல கடைசி ஈ இருக்காது, ஜெமைமா வாழ்க்கைப்பட்ட காலவேன்ற குடும்பப் பேரை ஏ போட்டும் ஓ போட்டும் எழுதியிருப்பாங்க. எல்லா ஸ்பெல்லிங்லயும் போட்டுப் பாருங்க.

குறைன்னா, சில ஆவணம் வீட்லேருந்து தெறக்காது, அவங்க சென்டருக்கோ அவங்களோட சேர்ந்த லைப்ரரிக்கோ போனாதான் தெறக்கும், தஞ்சாவூர் ஜில்லாவுல உக்காந்துக்கிட்டு அதுக்கு எங்க போறது. அப்படி வந்த எடத்துல மருமகளோட அம்மா அங்க லைப்ரரிக்குப் போய் பார்த்து போட்டோ அனுப்பினாங்க. நம்ம ஊரு வம்சாவளிக்கு இதைப் பெருசா நம்பாதீங்க, யாத்திரை வர்ற குடும்பங்க பேரை எழுதி வைக்கற ஹரித்வார் பண்டா பூசாரிங்க வச்சிருக்கற நோட்டு எல்லாம் ஃபிலிம் எடுத்திருக்காங்க, ஆனா டெல்டா குடும்பத்துக்கு வில்லங்கமும் பழைய பத்திரமும்தான் கதி. காசு கட்டற சைட்டு ஒண்ணுலயும் ஒரு மாச ஃப்ரீ டிரையல்னு சேர்ந்தேன், கேன்சல் பண்ண பெறகும் கார்டுல பணம் எடுத்துட்டாங்க, திரும்ப வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, அதனால கார்டு நம்பர் கேக்காத இதுலயே எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டு அப்பறம் அங்க போங்க.

எங்க நோட்டு எங்க நிக்குதுன்னா, மருமகளோட பாட்டியிலேருந்து மேல ஏறி 1850 சென்சஸ்ல மிசௌரியில இருக்கற ஒரு அம்மா வரைக்கும் ஆவணத்தோட வந்தாச்சு. மேலேருந்து ரெபேக்கா, அவங்க பொண்ணு ஜெமைமா, மாப்பிள்ளை ஃபிளாண்டர்ஸ் காலவே வரைக்கும் சந்தேகமே இல்ல. நடுவுல ஒரே ஒரு கண்ணி, அந்த 1850 அம்மா யாரு வயித்துப் பொண்ணுங்கறது. அதே பேருல அந்த வட்டாரத்துல ரெண்டு பேரு இருக்காங்க, கல்யாண ரெக்கார்டுல பொண்ணோட அப்பா அம்மா பேரு போடல. மரத்துல யாரோ தாராளமா சேர்த்து வச்சிருக்காங்க, கீழ ஒரு சோர்ஸும் கெடையாது, அதனால நான் சேர்க்கல, மருமககிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். அது கோவப்படல, "பரவால்ல மாமா, நெசமா இருந்தா எழுதுங்க, இல்லன்னா வேணாம்"னுச்சு. இப்ப காலவே குடும்பத்து சொத்து பாகம் பிரிச்ச கோர்ட்டுக் காகிதத்தை ஒவ்வொரு ஸ்பெல்லிங்கா தேடிக்கிட்டு இருக்கேன், பாகம் பிரிச்சா பொண்ணுங்க பேரு வந்துதானே ஆகணும். சம்பந்தி அம்மாவும் அவங்க ஒண்ணுவிட்ட அக்கா வீட்ல பழைய குடும்ப பைபிள் இருக்காம், அதுல முதல் பக்கத்துல பொறப்பு இறப்பு எழுதியிருந்தா போட்டோ எடுத்து அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க.