தென்னாப்பிரிக்க மனைவி விசா: இரண்டு மறுப்புக்குப் பிறகு வாங்கி, பல வருடம் வைத்திருந்த அனுபவம்

தென்னாப்பிரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டவர்களுக்குக் கொடுக்கிற 11(6) விசாவில் டர்பனில் பல வருடமாக இருக்கிறேன். இடையில் புதுப்பித்தாயிற்று, வேலை மாறியாயிற்று, இப்போது நிரந்தர வதிவிட மனுவும் உள்ளே போயிருக்கிறது. ஆனால் இந்த விசா கைக்கு வருவதற்கு முன்னால் சுற்றுலா விசாவுக்கு ஒரு மறுப்பு, இதே மனைவி விசாவுக்கு ஒரு மறுப்பு என்று என் பெயரில் கடிதங்கள் இருந்தன. அதனால் “ஏற்கெனவே ரிஜெக்ட் ஆகிவிட்டதே, இனிமேல் கிடைக்குமா?” என்று ஊரில் யார் கேட்டாலும் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

கிடைக்கும். மறுப்பு வந்ததாலேயே கதவு சாத்திவிடுவதில்லை. ஆனால் பழைய விண்ணப்பம் எங்கேயும் போய்விடவும் இல்லை, அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு விண்ணப்பித்த பெண்ணும் இன்றைக்கு விண்ணப்பிக்கிற பெண்ணும் சொல்கிற விவரம் ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் பட்ட அலைச்சலில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான்.

அதற்கு முன், உங்களுக்கு வந்திருப்பது என்ன தாள் என்று பிரித்துப் பாருங்கள். வெறும் மறுப்பு என்றால் காரணம் எழுதிய கடிதம் வரும். அந்தக் குறையைச் சரிசெய்து மறுபடி போடலாம். விசா முடிந்தும் தங்கியிருந்து கிளம்பியவர்கள் கதை வேறு. அவர்களை விமான நிலையத்திலேயே ‘விரும்பத்தகாதவர்’ என்று அறிவித்துக் கையில் தாளைக் கொடுத்துவிடுவார்கள். அதிகம் தங்கியது 30 நாளுக்குள் என்றால் 12 மாதம், 24 மாதத்துக்குள் இரண்டாம் தடவையும் அப்படி நடந்தால் 2 வருடம், 30 நாளைத் தாண்டிவிட்டால் 5 வருடம் உள்ளே வர முடியாது. கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக அது தானாக விலகாது. 10 வேலை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மூன்றாவது வகை ‘தடைசெய்யப்பட்டவர்’. போலி விசா, போலிப் பாஸ்போர்ட், நாடு கடத்தப்பட்டது போன்றவை இதில் வரும். என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுடையது இதில் எது என்றே தெரிவதில்லை. “என்னமோ பிளாக் பண்ணிட்டாங்க” என்பார்கள். தாளை எடுத்துப் படிக்கச் சொன்னால் சாதாரண மறுப்பாக இருக்கும்.

அப்புறம், எந்த விசா என்பது. 2002 குடிவரவுச் சட்டத்தில் மனைவிக்கு இரண்டு வழி உண்டு. பிரிவு 18-இல் வருவது உறவினர் விசா, அதில் வேலை பார்க்கக் கூடாது. பிரிவு 11(6)-இல் வருவது பெயருக்கு வருகையாளர் விசாதான். ஆனால் அதிகபட்சம் 3 வருடத்துக்குக் கொடுப்பார்கள், வேலைக்கோ படிப்புக்கோ தொழிலுக்கோ அனுமதி சேர்த்துக்கொள்ளலாம். “உறவினர்” என்ற பெயரைப் பார்த்து 18-க்குப் போட்டுவிட்டு, பிறகு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பார்த்திருக்கிறேன்.

சரி, என் மறுப்புகளுக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்ததும் மாமனார் மாமியாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சுற்றுலா விசாவுக்குப் போட்டோம். திருச்சியில் ஓர் ஏஜெண்ட் படிவத்தை நிரப்பினார். நோக்கம் என்ற இடத்தில் கேப்டவுன், குரூகர் பூங்கா என்று எழுதினார். எங்கேயோ ஒரு ஹோட்டல் முன்பதிவையும் சேர்த்தார். வருங்காலக் கணவர் டர்பனில் இருக்கிறார் என்று ஒரு வரி கிடையாது. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்த நேரம் அது. திரும்பி வருவதற்கான பிடிப்பு போதவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவி விசா. இதில் கணவனும் மனைவியும் சேர்ந்து கொடுக்கிற உறவுப் பிரமாணப் பத்திரம் ஒன்று உண்டு, படிவம் 12 என்பார்கள். எப்போது அறிமுகம், எப்போதிலிருந்து உறவு என்று அதில் வரும். நாங்கள் உண்மையை எழுதினோம். அந்தத் தேதி சுற்றுலா விண்ணப்பத்துக்கு முன்னால் இருந்தது. பழைய படிவத்தைப் படித்தால் அந்தப் பெண்ணுக்குத் தென்னாப்பிரிக்காவில் யாரையும் தெரியாது. இந்த முரணையும், சிங்கப்பூர் போலீஸ் சான்றிதழ் இல்லாததையும் காட்டி மறுப்பு வந்தது. 18 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் வேண்டும் என்பது அப்போதைய விதி. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்வந்த நம் ஆட்கள் இந்தியச் சான்றிதழை மட்டும் வைத்துவிட்டு வருவது இன்றைக்கும் நடக்கிறது.

மறுப்பு வந்த 10 வேலை நாளுக்குள் உள்துறையின் தலைமை இயக்குநரிடம் மறுபரிசீலனை கேட்கலாம், அங்கேயும் இல்லை என்றால் அமைச்சருக்குப் போகலாம். நான் போகவில்லை. அதிகாரி தப்பாக முடிவெடுத்திருந்தால் அந்த வழி சரி. காகிதம் குறைந்த கேஸில் புதிதாகப் போடுவதுதான் வேகம். முறையீட்டு வரிசையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

புது விண்ணப்பத்தில் எது வேலை செய்தது என்று கேட்டால், முதல் பக்கமாக வைத்த ஒரு கடிதத்தைத்தான் சொல்வேன். பழைய ஒவ்வொரு மறுப்பையும் தேதியோடு எழுதி, அவர்கள் சொன்ன காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே போட்டு, அதற்குக் கீழே இப்போது என்ன மாறியிருக்கிறது, அதற்கான ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்தேன். மறுப்புக் கடிதங்களின் நகலையும் நானே இணைத்தேன். சுற்றுலா விஷயத்துக்கு நிச்சயதார்த்தப் பத்திரிகை, அந்த மாதத்துப் போன் உரையாடல் பதிவுகள், ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய ரசீது, இவற்றோடு என் கணவரின் தனிப் பிரமாணப் பத்திரம். கெஞ்சல் கிடையாது, “கருணை கூர்ந்து” கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மனு மாதிரி எழுதித்தரும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த நடை இங்கே எடுபடாது.

சிங்கப்பூர் சான்றிதழுக்குக் கைரேகை எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதற்கு ஆதாரமும் கேட்டார்கள். மறுப்புக் கடிதத்தையே ஆதாரமாக வைத்தேன், வேலை முடிந்தது. போலீஸ் சான்றிதழும் மருத்துவ அறிக்கையும் கொடுக்கும் நாளில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆகவே தாமதமாகும் வெளிநாட்டுச் சான்றிதழை முதலில் தொடங்கி, மருத்துவ அறிக்கையைக் கடைசியில் எடுங்கள். நான் போட்ட காலத்தில் மார்பு எக்ஸ்ரே அறிக்கையும் கேட்டார்கள்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே வைத்த கண்ணி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. கல்யாணச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர். ஒரு விண்ணப்பத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தார்கள், இன்னொன்றில் கணவரின் ‘பிள்ளை’யைப் போட்டிருந்தார்கள். இங்கே நாயுடு, பிள்ளை, கவுண்டர், படையாச்சி எல்லாம் சாதியைத் தாண்டிச் சட்டப்படியான குடும்பப் பெயராகி நான்கைந்து தலைமுறை ஆயிற்று. அதிகாரிக்கு நம் இனிஷியல் கணக்கு புரிய வேண்டிய அவசியமில்லை. இத்தனை பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பிரமாணம் ஒன்று எடுத்து வைத்தேன். படிவம் முழுக்கப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதினேன்.

கல்யாணச் சான்றிதழ் என்றால் சார்பதிவாளர் கொடுத்தது, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு வைக்கிற அப்போஸ்டில் முத்திரையோடு. கோயில் ரசீதும் ஆல்பமும் துணைக்கு வேண்டுமானால் வைக்கலாம். இங்கே டர்பனில் கோயிலில் கட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். நடத்திவைக்கிறவர் அரசு அங்கீகாரம் பெற்ற திருமண அலுவலராக இல்லாவிட்டால் அந்தத் தாலிக்குப் பதிவேட்டில் இடமில்லை. இந்த நாட்டில் இது பழைய வழக்கு. 1913-இல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். கணவனிடம் வந்த ஓர் இந்திய மனைவியை உள்ளே விடாததுதான் அந்த வழக்கே. அதற்குப் பிறகுதான் நம் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனது அதில்தான். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், 1914-இல் இறக்கும்போது 16 வயது. பள்ளியில் படித்தபோது அது ஏதோ வெள்ளைக்காரனை எதிர்த்த கதை என்று மட்டும் மனதில் நின்றது. சான்றிதழோடு வரிசையில் நிற்கும்போது வேறு மாதிரி தெரிகிறது.

நேர்காணல் எல்லோருக்கும் வைப்பதில்லை. பழைய முரண் இருந்ததால் எங்களை அழைத்தார்கள் என்று நினைக்கிறேன். விசா வந்து டர்பனில் குடித்தனம் தொடங்கிய பிறகு, முதல் புதுப்பிப்பின்போது நடந்தது. ஒரே நாள், ஒரே நேரம், தனித்தனி அறை. தேனிலவு, பிறந்தநாள் என்றெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தோம். நேர்காணல் எடுத்த அம்மா கேட்டது: “உங்கள் தெருவில் குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள்? ஆரஞ்சுப் பையில் என்ன போடுவீர்கள்?” காகிதமும் பிளாஸ்டிக்கும் என்று நான் சொன்னேன். கிழமையையும் சொன்னேன். என் கணவர் கிழமையைத் தப்பாகச் சொல்லிவிட்டு, “அதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள், நான் காலையில் தூக்கிக்கொண்டு போய் வைப்பதோடு சரி” என்றாராம். அதை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எந்த ஆல்பமும் அந்தப் பதில் செய்ததைச் செய்திருக்காது என்பது என் கணிப்பு. ஆதாரத்தில் வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் வரும் பில், வங்கிக் கணக்கில் மாதாமாதம் போய்வரும் பணம், இவைதான் கனமானவை. காவடி அன்று மாமியாரோடு எடுத்த போட்டோ அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

விசா வந்த பிறகு வாழ்க்கை எப்படி என்றால், நல்லதும் உண்டு, நச்சரிப்பும் உண்டு. வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியின் பெயரில் ஒட்டிக்கொண்டு வரும். வேலை மாற்றினால் நிபந்தனை மாற்றத்துக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. புது முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. எனக்கு நல்ல இடம் ஒன்று இப்படியே கைநழுவியது. விசா தேதி முடிந்தால் வங்கிக் கணக்கையும் முடக்கிவிடுவார்கள். புதுப்பிப்பைக் காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தாலும் பதில் அந்தத் தேதிக்குள் வரும் என்று நம்ப முடியாது. தேக்கம் பெரிதாக இருந்த காலத்தில், விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்குச் சலுகை என்று உள்துறை சுற்றறிக்கை விட்டு, அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். அந்தச் சுற்றறிக்கையின் அச்சுப் பிரதியை வங்கிக்கும் விமான நிலையத்துக்கும் பையிலேயே வைத்துத் திரிந்தேன்.

எனக்கு உறுத்துகிற குறை வேறு. இந்த விசா கல்யாணத்தின் மேல் நிற்கிறது. உறவு முறிந்தால் விசாவும் போகும். பிள்ளை இருக்கிற பெற்றோர் விஷயத்தில் அப்படி வெளியே அனுப்புவது செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பிள்ளை இல்லாதவர்களுக்கு அந்தத் துணை இல்லை. கல்யாணமாகி 5 வருடம் முடிந்தால் பிரிவு 26(b)-இல் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். அது கிடைத்த பிறகும் 2 வருடத்துக்குள் உறவு முறிந்தால் போய்விடும், கணவன் இறந்தால் மட்டும் விதிவிலக்கு. புருஷனோடு சண்டை வந்தால் நான் முதலில் யோசிப்பது பாஸ்போர்ட்டைப் பற்றி என்று விளையாட்டாகச் சொல்வேன். மாமியாருக்கு அது பிடிக்காது.

சுற்றுலா விசாவில் வந்துவிட்டு இங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும் அது முடியும் என்று 2019-இல் அதே நீதிமன்றம் நந்துது வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் சுற்றுலா விசா ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த முதல் படியே கிடைப்பது கஷ்டம். மனைவி விசாவுக்கே ஊரிலிருந்து நேராகப் போடுங்கள், அது சுத்தம்.

வக்கீல் வேண்டுமா என்பதற்கு: சாதாரண மறுப்புக்கு வேண்டாம். ‘விரும்பத்தகாதவர்’ தாள் இருந்தால் யோசியுங்கள், ‘தடைசெய்யப்பட்டவர்’ என்றால் கட்டாயம் பிடியுங்கள். ஏஜெண்ட் வைத்தே தீருவேன் என்றால், அவர் நிரப்பிய படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விண்ணப்பத்தை அந்த நகலை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கும்.