1911 பிஸ்டல்: பழைய ராணுவ வடிவமா, கஸ்டம் வேலையா?

ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 பிஸ்டல், 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கி. பழைய வடிவத்தில் பாகங்கள் சற்றுத் தளர்வாகவே பொருந்தும். மண், கரி புகுந்தாலும் இயங்கும். குறி மட்டும் சுமார்தான். உருண்டை முனைத் தோட்டாவுக்காகச் செய்தது என்பதால் குழிமுனைத் தோட்டா சில சமயம் ஏறாமல் மாட்டும்.

கஸ்டம் துப்பாக்கியில், அதாவது கைவேலையாகத் தனித்துச் செய்ததில், ஸ்லைடும் (மேலே முன்பின் நகரும் பாகம்) பிரேமும் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) கையால் இழைத்து இறுக்கமாக உட்காரும். குறி அபாரம். ஆனால் சுத்தமும் எண்ணெயும் தவறக்கூடாது. தோட்டாக்களை அடுக்கும் மாகசின் மோசமென்றால் இரண்டுமே சிக்கும் என்பது வேறு விஷயம்.

விலை? எளிய மாடல் சில நூறு டாலர், கஸ்டம் சில ஆயிரம். போட்டிக்குச் சுடுபவர் கொடுக்கட்டும், சரி. மற்றவர்களுக்கு நல்ல மாகசினும் குறிபார்க்கத் தெளிவான சைட்டும் போதும். மிச்சப் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகலாம்.