கண்டிக்கு வெளியே மலிவு ரூம் தேடுகிறீர்களா? பணம் போடுமுன் இதைப் படியுங்கள்

கண்டி டவுனுக்குள் சனி, ஞாயிறில் குடும்பமாகத் தங்க ரூம் கேட்டால் வாடகையைக் கேட்டதுமே தலை சுற்றும். வாவிப் பக்கம் சாதாரண ரூமுக்கே வெளிநாட்டுக்காரர் விலை. பெரஹெரா நாட்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் நம்மவர்கள் ஹந்தானை, அம்பிட்டிய, குண்டசாலை, திகன என்று டவுனுக்கு வெளியே தேடுகிறார்கள். இது தெரிந்துதான் அந்த ஊர்களின் பெயரைப் போட்டு பேஸ்புக்கில் சிலர் கடை விரித்திருக்கிறார்கள். சொந்தமாக ஒரு வீடும் இல்லாத புரோக்கர்கள்.

எங்களுக்கு நடந்தது இது. சித்தி மகளுக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம், ஞாயிறு விடியற்காலை முகூர்த்தம். கொழும்பிலிருந்து அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முதல் நாளே போயாக வேண்டும். சொந்தக்காரர் வீடெல்லாம் நிரம்பிவிட்டது. ‘ஹந்தானை மலைச்சரிவில் குடும்ப ரூம், டவுனுக்கு 10 நிமிடம், இரவுக்கு 7,000 ரூபாய், சுடுதண்ணி உண்டு’ என்று ஒரு விளம்பரம். மரப் பல்கனி, எதிரே பச்சை மலை, படம் அருமை. வட்ஸ்அப்பில் பேசியவர் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். பாதிப் பணம் இப்போது, மீதி வந்த பிறகு என்றேன். இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருக்கிறது, முழுசாகப் போட்டால்தான் பிடித்து வைக்க முடியும் என்றார். கணக்கு வேறொரு பெயரில் இருந்தது. கேட்டதற்கு, “அது தங்கச்சியோட எக்கவுண்ட், சேர்” என்றார். நம்பி முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன்.

ரயில் பேராதனையைத் தாண்டும் நேரம் பார்த்து கோல் வந்தது. ஹந்தானை வீட்டில் பைப் வெடித்துவிட்டதாம். “பயப்படாதீங்க சேர், அதைவிட நல்ல வீடு ஒன்று ஒழுங்கு பண்ணியிருக்கேன்.” எங்கே என்றால் திகனவுக்கும் அப்பால். கண்டி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஹந்தானை டவுனுக்குத் தெற்கே, தேயிலை நூதனசாலை இருக்கும் மலை. திகன கிழக்கே, மஹியங்கனை வீதியில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். காசைத் திருப்பிக் கேட்டேன். கென்சல் பண்ணினால் அட்வான்ஸ் திரும்பாது என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறதாம்.

இவர்களுடைய வித்தை முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. மதியம் சொல்லியிருந்தால் குட்செட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாவது வேறு ரூம் பார்த்திருப்போம். இருட்டுகிற நேரம், கையில் பேக், பசியோடு பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஒரு அம்மா. அந்த நிலையில் யாரும் சண்டை பிடிக்கமாட்டார்கள், கூட்டிப்போகும் இடத்துக்குப் போவார்கள். ஸ்டேஷன் வாசலில் ஓட்டோவோடு ஒருவர் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு தயாராக நின்றார். 3,500 ரூபாய்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொங்கிரீட் பாதையில் ஓட்டோ ஏறாமல் நின்றுவிட, கடைசித் தூரத்தை ஃபோன் வெளிச்சத்தில் நடந்தோம். ஒரு வீட்டின் கீழ்த்தட்டு, சுவரெல்லாம் ஈரம். சுடுதண்ணி என்பது ஒரு மின்சாரக் கேத்தல்.

அப்புறம்தான் கணக்கு ஆரம்பமானது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பையன் தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணே, 7,000 ரெண்டு பேருக்குத்தான். மத்தவங்களுக்குத் தலைக்கு 1,500” என்றான். குடும்ப ரூம் என்றால் எத்தனை பேர் என்பதை விளம்பரத்தில் யாரும் எழுதவில்லையே! நான் மறுத்துவிட்டேன். சரி, காலையில் முதலாளியோடு பேசிக்கொள்ளுங்கள், பதிவுக்கு மட்டும் அடையாள அட்டையைத் தாருங்கள் என்றான். கொடுத்தேன்.

விடிவதற்கு முன்னே வெளிக்கிட வேண்டும், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நாங்கள் உடுத்தி, அம்மா பூவைத் தலையில் வைத்து நிற்கிறார், பையன் அட்டையைத் தரமாட்டேன் என்கிறான். “4,500 தந்தாத்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க அண்ணே.” முதலாளி ஃபோன் ஓஃப். வெளியே அதே ஓட்டோ, இந்த முறை 4,000 ரூபாய். அந்த நேரத்தில் அந்த மேட்டுக்கு வேறு வண்டி கிடையாது. “குடுத்துட்டு வா தம்பி, தாலி கட்ற நேரம் போயிரும்” என்றார் அம்மா. கொடுத்தோம். 7,000 ரூபாய் ரூம் ஓட்டோவோடு சேர்த்து 19,000 ஆனது. டவுனிலேயே வாவியைப் பார்த்தபடி படுத்திருக்கலாம்.

அந்தப் பையனோடு எனக்குக் கோபமில்லை. சம்பளத்துக்கு நிற்கிறவன், கண்ணைப் பார்த்துப் பேசவே கூச்சப்பட்டான். ஆனால் அசல் அடையாள அட்டையை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். ஒழுங்கான இடத்தில் இலக்கத்தை எழுதிக்கொண்டோ, போட்டோ எடுத்துக்கொண்டோ உடனே கையில் தந்துவிடுவார்கள்.

கல்யாண வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது மச்சான் அந்தப் பல்கனிப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பின்னால் தெரிவது ஹந்தானையே இல்லை, பதுளை மாவட்டத்து எல்ல ஊரிலுள்ள எல்ல ரொக் மலை. கூகுள் லென்ஸில் போட்டதும் எல்ல ஊரில் உள்ள ஒரு விடுதியின் பெயரிலேயே அந்தப் படம் வந்தது. அந்த விடுதிக்கு இது எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நீங்கள் தேடும்போது படத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். வீட்டில் நின்றபடி வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். சொந்த வீடு வைத்திருப்பவர் அதற்கு மறுக்கமாட்டார், புரோக்கர் சாக்குச் சொல்வார். ‘10 நிமிடம்’ என்பதை நம்பவேண்டாம், லொகேஷனை வாங்கி மெப்பில் நீங்களே அளந்து பாருங்கள். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு, சுடுதண்ணிக்குத் தனிக் காசா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தவரை மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். என்னைக் கேட்டால், மலைக் காட்சியை விட்டுவிட்டு பேராதனை வீதியிலோ கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ பிரதான பாதை ஓரமாக ரூம் எடுப்பதே மேல். வாசலிலேயே பஸ். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவான இடமா என்றும் கேளுங்கள்.

பேங்கில் விசாரித்தேன். போய்விட்ட பணத்தை எதிர்த்தரப்பு சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கோல் எடுத்துப் பேசலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வட்ஸ்அப் உரையாடல், பணம் போட்ட ஸ்லிப், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். விளம்பரத்தை இப்போது எடுத்துவிட்டார்கள், அதனால் உங்களுக்கும் இப்படி நடந்தால் முதலில் ஸ்கிரீன்ஷொட்டை எடுத்துவிட்டுப் பிறகு சண்டையை ஆரம்பியுங்கள்.