ஆப்பில் டவுன்லோடா, ஸ்கிரீன் ரெக்கார்டரா?

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காட்டுப் பாதையில் சிக்னலை நம்ப முடியாது. அதனால் தர்மபுரியிலேயே படத்தையும் பாட்டையும் போனில் ஏற்றிக்கொள்வது நல்லது. அதற்கு ஆப்பிலேயே டவுன்லோட் செய்யலாம், இல்லையென்றால் ஓடும்போது ரெக்கார்டு செய்யலாம் என்கிறார்கள்.

ரெக்கார்டரைப் போட்டால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் பதிவாகும். படத்தை நகலெடுக்க விடாமல் பூட்டி வைக்கும் முறைதான் வைட்வைன். அதன் உயர்ந்த நிலையான எல்1 உள்ள ஆண்ட்ராய்டு போனில் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே முடிந்துவிடும், ரெக்கார்டர் கைக்கு அந்தப் படம் வரவே வராது. கீழ்நிலையான எல்3 போனில் இந்த வேலை மென்பொருளில் நடக்கும், ஆனால் அதற்கு நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டி தருவதில்லை. பாட்டை ஹெட்போன் துளையில் ஒயர் போட்டுப் பிடிக்கலாம், சரி, ஆனால் ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை.

டவுன்லோடுக்குக் கெடு உண்டு. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைய வேண்டும், சந்தா நின்றால் பாட்டும் போய்விடும். காசு கட்டியவருக்கு இது அநியாயம்தான். ஆனாலும் பயணத்துக்கு நான் இதையே சொல்வேன். நிரந்தரமாக வேண்டிய பாட்டு, பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்பில் இருந்தால் வாங்கிவிடுங்கள், அங்கே பூட்டில்லாத கோப்பாகவே தருகிறார்கள்.