டயரா, சஸ்பென்ஷனா? பழைய ஸ்விஃப்டில் பணத்தை முதலில் எதில் போடுவது

என்னுடையது 2009 மாடல் ஸ்விஃப்ட். 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், அதனால் விற்கிற யோசனை இல்லை. ஆனால் ஓட்டத்தான் அலுப்பாக இருந்தது. பள்ளிகொண்டா டோலைத் தாண்டி 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக நழுவும். ஏலகிரி ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவிலும் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாயும். பின்சீட்டில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் வருவார்.

பாதிப்பேர் டயரை மாற்று என்றார்கள், மீதிப்பேர் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்தை வண்டியோடு பிடித்துக் குலுக்கலைத் தாங்குகிற பாகங்களைப் பார் என்றார்கள். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. முதலில் டயரை மாற்றினேன், ஒரு வருஷம் கழித்து சஸ்பென்ஷன். அது தலைகீழ் வரிசை என்பதுதான் இப்போது என் கட்சி.

டயரின் பெருமையை நீட்டி முழக்கத் தேவையில்லை. 165/80 ஆர்14 அளவில் நான்கு, ஏறக்குறைய ₹20,000. போட்ட அன்றே சத்தம் அடங்கியது, மழையில் பிரேக் பிடித்தது. நம்ம ஊர் வெயிலில் வெளியே நிற்கிற வண்டிக்குப் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடுகள்) இருந்தாலும் ரப்பர் கட்டையாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. வாங்கும்போதும் அதைப் பார்த்து வாங்குங்கள்.

அகல டயர் ஆசையும் வந்தது. இதே வண்டியின் இசட்எக்ஸ்ஐ என்கிற உயர் ரகத்தில் 185/70 ஆர்14 வரும். மொத்த உயரத்தில் 5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பெரிதாக ஏமாற்றாது. நண்பரின் வண்டியில் காட்பாடி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்ததோடு சரி. பிடிமானம் கூடுதல், நிறுத்தித் திருப்பும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கனம். மைலேஜ் பற்றிப் பேச அந்த ஒரு சவாரி போதாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புது டயர் 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு மொட்டை. வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து உள்ளே கைவிட்டால்தான் தெரியும். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் ரம்பப் பல். இத்தனைக்கும் அதற்குள் மூன்று முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தாகிவிட்டது. மூன்று முறையும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பச்சையாகவே காட்டியது.

சத்துவாச்சாரியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கிற இரும்புக் கையான லோயர் ஆர்முக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. "இன்னா சார், மெஷினு நிக்கிற வண்டியத்தான் பாக்கும். ஓடுற வண்டிய யாரு பாக்குறது?" என்றார்.

காரணம் அவ்வளவுதான். ஆர்ம் வண்டியோடு சேருகிற மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் கிழிந்திருந்தால், நிற்கும்போது சக்கரம் சரியான கோணத்தில் இருக்கும். பிரேக் போட்டால் ஒரு பக்கம், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மறுபக்கம் நகரும். ஒவ்வொரு முறையும் டயர் ரோட்டில் கொஞ்சம் தேய்த்து இழுபடும். அலைன்மென்டுக்குக் கொடுத்த காசும் வீண், டயரும் வீண். ₹20,000 டயரை அரித்துத் தின்றது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் துண்டு.

கழற்றிய புஷ்ஷைக் கையில் கொடுத்தார். ரப்பர் பாதி சுற்றுக்கு விண்டு போய், நடுவில் இருந்த இரும்புக் குழாய் ஆடிய பல் மாதிரி அசைந்தது. துள்ளலை அடக்குகிற முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து புழுதியோடு அப்பியிருந்தது. தண்டை ஒரே விரலால் உள்ளே தள்ள முடிந்தது.

முன்பக்கம் ஷாக் இரண்டு, மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் ராட், எல்லாம் கம்பெனி அளவிலேயே. கூலியோடு ₹18,000 ஆனது. ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள்: லோயர் ஆர்ம் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் இதைப் பலர் செய்வதில்லை.

அப்புறம் அதே பாதி தேய்ந்த டயரோடுதான் ஏலகிரி ஏறினேன். வளைவில் ஒருமுறை சாய்ந்தது, அப்படியே நின்றது, நேரானதும் நிமிர்ந்தது. அம்மா ஆறாவது வளைவில் வேர்க்கடலை கேட்டார். புது டயர் போட்ட காலத்தில் கிடைக்காத சுகம் இது.

வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நான் போட்டதில்லை. காந்தி நகர் வேகத்தடைகளைப் பார்த்த பிறகு போடும் எண்ணமும் இல்லை.

என் வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு. டயர் காடிக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ இருந்தாலும் அதே கதைதான். அப்போது கடன் வாங்கியாவது டயரை முதலில் மாற்றுங்கள். ஆனால் அதே வாரத்தில் கடப்பாரையால் லோயர் ஆர்மை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

பின் ஷாக் இன்னும் பழசுதான். நாலு பேர் ஏறினால் வேகத்தடையில் அடி தட்டுகிறது. அதையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஆடி முடியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.