புளியம்பட்டி பஸ் பையா, விடுதிப் பெட்டியா?

எம்.ஏ. முதல் வருடம் புளியம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். இரண்டாம் வருடம் விடுதி. இரண்டுமே கோவையில், மருதமலை அடிவாரத்துப் பாரதியார் பல்கலைக்கழகத்தில் படித்த காலம்தான். இந்த வருடம் சித்தி மகள் அங்கே சேர்கிறாள். "பஸ்ஸா விடுதியா, நீங்களே சொல்லுங்கக்கா, என்னென்ன எடுத்துட்டுப் போறது?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பஸ் என்றால் அன்னூர், கோவில்பாளையம், சரவணம்பட்டி வழியாகக் காந்திபுரம். அங்கே இறங்கி மருதமலை போகும் 70ஆம் நம்பர் பஸ். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 70இல் சாதாரணக் கட்டண வண்டி வந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021இலிருந்து அப்படித்தான். காந்திபுரம் வரைக்கும் காசு கொடுத்தாக வேண்டும். சந்தை நாளில் நிற்கவே இடம் இருக்காது. அதனால் பை மடியில் அடங்குகிற அளவுக்கு மேல் போகக் கூடாது. ஒரு நோட்டு, தண்ணீர், குடை, டிபன் பாக்ஸ், போதும். டிபனில் அரிசிம்பருப்புச் சோறு மத்தியானம் வரை தாங்கும். தேங்காய் அரைத்து ஊற்றிய எதையும் வைக்காதே; வெயிலில் பதினொரு மணிக்கே ஊசிப்போகும். லேப்டாப்பைச் சுமக்கவே வேண்டாம், பென்டிரைவ் இருக்கிறதே.

விடுதிப் பெட்டிக்கு இந்தக் கணக்கு இல்லை. ஒரே ஒரு நாள் சுமந்தால் முடிந்தது என்று வீடே சேர்ந்து அடைக்கும். எங்கள் வீட்டில் பெரிய சண்டை, மெத்தையா ஜமக்காளமா என்பதில். ஃபோம் மெத்தை முதுகுக்குச் சுகம்தான், ஆனால் அதை பஸ்ஸில் ஏற்ற முடியாது. அடிவாரத்து மழையில் ஈரம் கோத்துக்கொண்டால் வாடையும் போகாது. பவானி ஜமக்காளத்தைச் சுருட்டிக் கயிறு கட்டினால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். ராத்திரி கட்டிலில் விரிப்பு. பரீட்சை நாளில் வராந்தாவில் போட்டால் நான்கு பேர் உட்கார்ந்து படிக்கலாம். குறை ஒன்று உண்டு. நனைந்தால் கல் மாதிரி கனக்கும், தனியாளாகப் பிழிய முடியாது. 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. விசைத்தறியில் ஓட்டியதையும் அதே பேரில் விற்கிறார்கள், கைத்தறிதானா என்று கேட்டு வாங்கு. என் ஓட்டு ஜமக்காளத்துக்கு.

அப்புறம் கொள்ளுப் பொடி. விடுதிச் சோற்றில் குறை என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு நினைப்பு வரும் பார், அப்போது வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கின நெய் ஒரு சின்ன பாட்டில் கூடவே. பொடியை மட்டும் இரண்டு டப்பாவாகக் கொண்டுபோ. ஒன்று அறையில் இருப்பவர்களுக்கு, இன்னொன்று துணிக்கு அடியில்! டார்ச் மறக்காதே. வளாகத்துப் பக்கம் யானை வருவது புதுசில்லை, இருட்டில் தனியாக நடக்கவும் வேண்டாம்.

இதெல்லாம் கையில் தூக்குகிற சுமை. பஸ்ஸில் போன வருடம் பை லேசு, தலை கனம். வீட்டில் இருக்கிறவள் சும்மா இருக்கிறவள்தானே? பால் சொசைட்டி கணக்கு, சீருக்குப் போவது, தம்பிக்குக் கணக்குப் பாடம், எல்லாம் என் தலையில். பரீட்சைக்கு முந்தின நாள்கூட அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, "அன்னூர் வழியாத்தான போற, அந்த மருந்த வாங்கிட்டு வந்துரு கண்ணு" என்பார். ஆனால் சன்னலோர சீட் கிடைத்த நாட்களில் அந்த இரண்டு மணி நேரம் முழுக்க எனக்குத்தான். பாதிப் பாடத்தை அங்கேதான் படித்தேன்.

விடுதியில் யாரும் வேலை ஏவவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அமுச்சி, அம்மாவின் அம்மா, அவங்க போன் மட்டும் வரும். "சோறு உண்டுட்டியா கண்ணு?" உண்ணாத நாளிலும் உண்டாச்சு என்றே சொன்னேன். அந்த வருடம் அதிகம் சுமந்தது அந்தப் பொய்யைத்தான்.

அவளுக்கு நான் சொன்னது, முதல் செமஸ்டர் பஸ். ஊரும் பழகும், பாடமும் பிடிபடும். ஆய்வேடு எழுதுகிற செமஸ்டருக்குக் கடன் வாங்கியாவது விடுதி.

விடுதிக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். என் கட்டிலில் நிலக்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்தன. அப்பா பதறிப்போய், "நீ வர்றது தெரியாது சாமி, இப்ப எடுத்துடறேன்" என்றார். அன்றைக்குத் தரையில் படுத்துக்கொண்டேன். ஜமக்காளம் விடுதியில் இருந்தது.